பல்லுக்கு ஏற்ற ஒளி எது?

சொத்தைப் பல்லுக்குச் சிகிச்சை செய்துகொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். வலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். 'கீச்' என்று இரைந்துகொண்டு வாய்க்குள் நுழையும் துளைப்பான், பல்லைத் தொடும் முன்பே பலரை நடுங்க வைத்துவிடுகிறது. இந்தப் பயத்தினாலேயே மருத்துவரிடம் போவதைப் பலர் தள்ளிப் போடுகிறார்கள். சிறிய சொத்தை பெரிய சொத்தையாகிறது. அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்கி எறிய வேண்டியதாகிறது.

துளைப்பானுக்குப் பதிலாக ஒளியைக் கொண்டே சொத்தையை நீக்க முடியாதா? முடியும். லேசர் ஒளி அதைச் செய்கிறது. ஆனால் ஒரு விந்தையைக் கவனியுங்கள். முதல் லேசர் ஒளிர்ந்தது 1960ஆம் ஆண்டில். பல்லின் கடினமான பகுதியை வெட்ட எர்பியம் லேசரைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது 1997ஆம் ஆண்டில். இடையில் 37 ஆண்டுகள் ஓடிவிட்டன! ஆரம்ப கால லேசர்களின் வலிமையை, அவை எத்தனை சவர பிளேடுகளைத் துளைக்கின்றன என்று எண்ணி விஞ்ஞானிகள் வேடிக்கையாக அளந்ததுண்டு. எஃகையே துளைத்த ஒளிக்கு, ஒரு பல்லைத் துளைக்க ஏன் இத்தனை காலம் பிடித்தது? இதற்கு விடை தேடினால் ஒளியைப் பற்றிய ஓர் அருமையான பாடம் நமக்குக் கிடைக்கும்.

பழமையான தொழில்

பல்லைத் துளைப்பது நேற்று வந்த தொழில் அல்ல. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியில் மெஹர்கர் என்னும் தொன்மையான ஊர் இருந்தது. அங்குள்ள இடுகாட்டில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 9 பேருடைய 11 கடைவாய்ப் பற்களில், மனிதர் கருவி கொண்டு துளைத்த துளைகளை ஆய்வாளர்கள் கண்டனர். இந்தச் செய்தி 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிக்கிமுக்கிக் கல்லாலான முனையை வில்லின் நாணால் சுழற்றி அந்தத் துளைகளைப் போட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. துளைகளின் விளிம்பு மெல்லுவதால் தேய்ந்திருந்தது. ஆகவே துளைத்த பிறகும் அந்த மனிதர்கள் உயிரோடு இருந்து உணவு மென்றிருக்கிறார்கள்!

அன்றுமுதல் இன்றுவரை முறை ஒன்றுதான். கூரிய முனை சுழல்கிறது, பல் தேய்கிறது. வேகம் மட்டுமே மாறியது. 1957ஆம் ஆண்டில் ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், அழுத்தப்பட்ட காற்றால் நிமிடத்துக்கு 3 லட்சம் முறை சுழலும் கருவியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உங்கள் வீட்டு மின்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், இது அதைப்போல் ஆயிரம் மடங்கு! நீங்கள் கேட்கும் 'கீச்' ஒலி அந்தச் சுழற்சியின் ஒலிதான்.

இது மிக நல்ல கருவி. ஆனால் உராய்வு இருக்கும் இடத்தில் வெப்பமும் அதிர்வும் இருக்கும். அவை பல்லுக்கு ஏன் ஆகாது? அதற்குப் பல்லின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல்லின் வெளிப்புற உறை எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதன் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம். எஞ்சியது நீரும் சிறிதளவு கரிமப் பொருள்களும். எனாமலில் உயிருள்ள செல்கள் கிடையா. அதனால் தேய்ந்து குழிந்துபோன எனாமல் திரும்ப வளராது.

எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். இதில் கனிமம் சுமார் 70 சதவீதம். நீர் சுமார் 10 சதவீதம். கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் இதன் ஊடே ஓடுகின்றன. குழல்களில் திரவம் நிறைந்திருக்கிறது. அதிர்வோ வெப்பமோ குளிர்ச்சியோ அந்தத் திரவத்தை அசைத்தால் நரம்பு விழித்துக்கொள்கிறது. அதுவே பல் கூச்சம், அதுவே வலி.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது பற்கூழ். இரத்த நாளங்களும் நரம்புகளும் உள்ள பல்லின் உயிர்ப் பகுதி இது. வெப்பம் இதற்குப் பகை. 1965ஆம் ஆண்டில் லியோ ஜாக், கெர்சன் கோஹன் என்ற இருவர் குரங்குகளின் பற்களைச் சூடாக்கி ஆராய்ந்தனர். பற்கூழின் வெப்பநிலை 5.5 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தபோதே, நூற்றுக்கு 15 பற்களில் பற்கூழ் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கடும் காய்ச்சலில் நம் உடல் சூடு எவ்வளவு ஏறுமோ, அதைவிடச் சற்றுத்தான் அதிகம்!

ஆக, பல்லைத் துளைக்கும் ஒளிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உடலின் மிகக் கடினமான பொருளை அது வெட்ட வேண்டும். ஆனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே இருக்கும் பற்கூழுக்குச் சூடு தெரியக்கூடாது.

மாணிக்கத்தில் பிறந்த ஒளி

லேசர் என்பது 'லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன்' என்ற நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர். தூண்டப்பட்ட உமிழ்வினால் ஒளியைப் பெருக்குதல் என்பது பொருள். அணுக்களை இவ்வாறு தூண்டி ஒளியை உமிழச் செய்யலாம் என்ற கருத்தை 1917ஆம் ஆண்டிலேயே ஐன்ஸ்டைன் விளக்கிவிட்டார். அதைச் செயலில் காட்டியவர் தியோடர் மைமன். 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து அவர் முதல் லேசர் ஒளியைப் பெற்றார்.

சாதாரண விளக்கின் ஒளி திருவிழாக் கூட்டத்தைப் போன்றது. பல நிறங்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு திசையில் போகும். லேசர் ஒளியோ அணிவகுத்துச் செல்லும் படையைப் போன்றது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே கால்வீச்சு. அதனால் அதை ஓர் ஊசிமுனையளவு இடத்தில் குவிக்க முடிகிறது.

புதிய கருவி வந்ததும் பல் மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? 1964ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் ஸ்டெர்ன், ரைடர் சோக்னஸ் இருவரும், பிடுங்கிய பற்களின் மீது மாணிக்க லேசரைப் பாய்ச்சிப் பார்த்தனர். எனாமல் ஆவியாயிற்று, சில இடங்களில் உருகிக் கண்ணாடி போல் ஆயிற்று. அடுத்த ஆண்டு, சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன், பல் மருத்துவரான தம் சகோதரர் பெர்னார்டின் பல்லின் மீதே லேசரை இருமுறை பாய்ச்சினார். உயிருள்ள மனிதப் பல்லின்மீது லேசர் பட்ட முதல் நிகழ்ச்சிகளில் இது ஒன்று. வலி தெரியவில்லை என்றார் சகோதரர். பல்லின் மேற்பரப்பில் மட்டுமே சிறிது சேதம் இருந்தது.

ஆனால் பல்லில் குழி வெட்டும் அளவுக்கு மாணிக்க லேசரின் ஆற்றலைக் கூட்டியபோதோ, பற்கூழ் வெந்துபோனது. பல்லைக் காக்க வந்த ஒளி பல்லின் உயிரையே வாங்கியது. வலிமை இருந்தது, என்றாலும் வேலை நடக்கவில்லை. ஏன்?

ஒரு சிறு சோதனை

விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். வெள்ளைத் தாள் ஒன்றில் கறுப்பு மையால் காசு அளவு புள்ளி ஒன்று வையுங்கள். ஆசிரியரையோ பெற்றோரையோ உடன் வைத்துக்கொண்டு, வெயிலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் சூரிய ஒளியை முதலில் வெள்ளைப் பகுதியில் குவியுங்கள். பிறகு கறுப்புப் புள்ளியில் குவியுங்கள். அருகில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். கண்ணாடி வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்காதீர்கள்.

கறுப்புப் புள்ளியில் விரைவிலேயே புகை வரும். வெள்ளைப் பகுதியில் வெகு நேரம் ஆகும். சூரியன் ஒன்று, கண்ணாடி ஒன்று, தாளும் ஒன்று. மாறியது எது? ஒளியை உட்கவரும் தன்மை. ஒரு பொருளின் மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பது மட்டும் போதாது. விழுந்த ஒளியில் எவ்வளவை அப்பொருள் ஏற்றுக்கொள்கிறது என்பதே முக்கியம்.

மாணிக்க லேசரின் ஒளி சிவப்பு. அதன் அலைநீளம் 694 நானோமீட்டர், அதாவது ஏறத்தாழ 0.7 மைக்ரான். எனாமலும் சரி, எனாமலில் உள்ள நீரும் சரி, இந்தச் சிவப்பை அதிகம் உட்கவர்வதில்லை. எனவே அதில் பெரும்பகுதி பல்லின் மேற்பரப்பில் நில்லாமல் உள்ளே புகுந்து பரவியது. மேலே வேலை செய்ய வேண்டுமானால் ஒளியை மிக அதிகமாகப் பாய்ச்ச வேண்டியிருந்தது. மிஞ்சிய வெப்பம் பற்கூழைச் சேர்ந்தது.

பிரச்சினை லேசரின் பலத்தில் இல்லை. அதன் நிறத்தில்தான் இருந்தது.

சரியான நிறத்தைத் தேடி

1964ஆம் ஆண்டில் இரண்டு புதிய லேசர்கள் வந்தன. ஒன்று கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர். இதைக் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அவருடைய லேசரின் ஒளி 10.6 மைக்ரான் அலைநீளம் உள்ள அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. நீர் இதை நன்றாக உட்கவரும். ஈறு, நாக்கு, கன்னம் போன்ற மென்திசுக்களில் நீரே அதிகம் அல்லவா? ஆகவே இந்த லேசர் அவற்றை அழகாக வெட்டியது. வெட்டும்போதே சிறு இரத்தக் குழாய்களை மூடிவிட்டதால் இரத்தமும் அதிகம் வரவில்லை. ஆனால் பல்லின் மீது தொடர்ந்து பாய்ச்சினால் பல் கருகியது, விரிசல் விட்டது.

மற்றொன்று நியோடிமியம் யாக் லேசர். யாக் என்பது யிட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற செயற்கைப் படிகம். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததே. இதன் ஒளி 1.06 மைக்ரான். மெல்லிய கண்ணாடி இழை வழியாகவே இதை வாய்க்குள் கொண்டுபோகலாம் என்பது பெரிய வசதி. 1990ஆம் ஆண்டில் ஈறு போன்ற மென்திசுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நீருக்குள் இந்த ஒளி தடையின்றிச் சில சென்டிமீட்டர் தூரம்கூட ஊடுருவும். பல்லை வெட்ட இதுவும் ஏற்றதல்ல.

அப்படியானால் பல்லை வெட்டும் நிறம் எது?

கடுகு வெடிக்கும் தத்துவம்

அம்மா தாளிக்கும்போது பார்த்திருப்பீர்கள். காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகு 'பட பட' என்று வெடிக்கிறது. கடுகுக்குள் இருக்கும் சிறிதளவு ஈரம் திடீரென்று ஆவியாகிறது. நீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் 1,600 மடங்குக்கும் மேல் பருமன் கூடும். வெளியேற வழியில்லாத ஆவி தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. கடுகை யாரும் இடிக்கவில்லை. அதன் உள்ளிருந்த நீரே அதை உடைத்தது.

பல்லையும் இப்படி உடைத்தால் என்ன? எனாமலின் கனிமத்தை உருக்க ஆயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதில் ஒளிந்திருக்கும் நீரை ஆவியாக்க அவ்வளவு வேண்டியதில்லை. கனிமத்தை விட்டுவிட்டு நீரைக் குறிவைக்க வேண்டும். அதற்கு, நீர் மிக அதிகமாக உட்கவரும் நிறம் தேவை.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு, சுருள்வில்லைப் போல் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி கோடி முறை அதிர வல்லது. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால் சிறு பலத்திலேயே உயரப் போகும் அல்லவா? அதே அதிர்வெண் உள்ள ஒளி வந்தால், நீர் அதை அப்படியே விழுங்கிவிடும். அந்த ஒளியின் அலைநீளம் சுமார் 3 மைக்ரான். எர்பியம் என்ற அருமண் தனிமத்தை யாக் படிகத்தில் கலந்து செய்த லேசர் தரும் ஒளி 2.94 மைக்ரான்! நீரில் இது ஏறத்தாழ ஒரு மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் உட்கவரப்பட்டுவிடுகிறது. நியோடிமியம் யாக் ஒளியின் ஊடுருவலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெர்மனியின் உல்ம் நகரத்தைச் சேர்ந்த ரைமுண்ட் ஹிப்ஸ்ட், உல்ரிச் கெல்லர் இருவரும் இந்த லேசரைப் பற்களில் சோதித்து, 1989ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். எனாமலும் டென்டினும் சீராக வெட்டுப்பட்டன. சுற்றுப்புறத்தில் வெப்பச் சேதம் மிகக் குறைவாகவே இருந்தது. 1997ஆம் ஆண்டின் அனுமதிக்கு வழி பிறந்தது.

பல்லின் ஈரம் ஆவியாகி வெடிக்கும்போது கனிமத் துகள்கள் பிய்த்துக்கொண்டு பறக்கின்றன. பறக்கும் துகள்கள் வெப்பத்தையும் தம்மோடு எடுத்துச் சென்றுவிடுகின்றன. கூடவே மெல்லிய நீர்த் தூவலும் பல்லைக் குளிர்விக்கிறது. சொத்தையான பகுதியில் நல்ல எனாமலைவிட ஈரம் அதிகம். அதனால் அது இன்னும் எளிதாகப் பெயர்ந்து வருகிறது.

சிறு கணக்கு ஒன்று

இந்த லேசர் தொடர்ந்து எரிவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு துடிப்பின் ஆற்றல் 0.2 ஜூல், அது நீடிக்கும் நேரம் 0.0002 வினாடி; வினாடிக்கு 10 துடிப்புகள் என்று கொள்வோம்.

துடிப்பின்போது திறன் = 0.2 ÷ 0.0002 = 1,000 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் திறன்!

சராசரித் திறன் = 0.2 × 10 = 2 வாட். ஒரு சிறு டார்ச் விளக்கின் அளவுதான்.

ஒரு வினாடியில் ஒளி பாய்வது 0.002 வினாடி நேரமே. மற்ற நேரமெல்லாம் பல் ஆறிக்கொண்டிருக்கிறது. நீரை வெடிக்க வைக்க 1,000 வாட். பற்கூழைக் காக்க 2 வாட். இந்த இரட்டைச் சூத்திரம்தான் வெற்றியின் இரகசியம்.

எல்லாம் லேசர் செய்யுமா?

லேசரில் கருவி முனை பல்லை அழுத்துவதில்லை, அதிர்வும் இல்லை. கீச்சொலிக்குப் பதிலாக 'டப் டப்' என்ற ஒலி கேட்கும். மரத்துப்போகும் ஊசி இல்லாமலே பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. சிலருக்கு ஊசி தேவைப்படும்.

குறைகளும் உண்டு. துளைப்பானைவிட நேரம் அதிகம் ஆகிறது. கருவியின் விலை மிக அதிகம். பாதரசக் கலவையால் அடைத்த பழைய அடைப்பை லேசரால் எடுக்கக்கூடாது. பாதரச ஆவி கிளம்பும். உலோக உறைகளையும் அது வெட்டாது. ஆகவே லேசர் வைத்திருக்கும் மருத்துவரின் அறையிலும் துளைப்பான் இருக்கவே செய்யும்.

ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மற்றொரு கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 9.3 மைக்ரான். இந்த நிறத்தை நீர் மட்டுமின்றி, எனாமலின் கனிமமே நன்றாக உட்கவர்கிறது. 10.6 எங்கே, 9.3 எங்கே! சிறு வேறுபாடுதான், ஆனால் பல்லுக்கு அது பெரிய வேறுபாடு.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம். ஈறுச் சிகிச்சைக்குப் பயன்படும் சிறிய டயோடு லேசர்கள் 0.8 முதல் 1 மைக்ரான் வரை உள்ளவை. இரத்தத்தின் ஹீமோகுளோபினும் நிறமியான மெலனினும் இவற்றை உட்கவரும். 655 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பல்லில் பாய்ச்சினால், சொத்தையில் பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற பொருள்கள் ஒளிர்ந்து, மறைந்திருக்கும் சொத்தையைக் காட்டிக்கொடுக்கின்றன. சில புற்றுநோய்ச் சிகிச்சைகளின்போது வரும் கொடிய வாய்ப்புண்ணைத் தடுக்க, எதையும் வெட்டாத மெல்லிய லேசர் ஒளி உதவுகிறது. அடைப்பை இறுக வைக்கக் காட்டும் நீல விளக்கை மட்டும் லேசர் என்று எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் சாதாரண எல்.இ.டி. விளக்கே.

கண் கவனம்!

லேசர் சிகிச்சையின்போது மருத்துவர், உதவியாளர், நோயாளி மூவரும் கண்ணாடி அணிய வேண்டும். உலோகக் கருவியில் பட்டுத் தெறிக்கும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கலாம். அந்தக் கண்ணாடியும் அந்த அலைநீளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 1.06 மைக்ரானைத் தடுக்கும் கண்ணாடி 2.94 மைக்ரானைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. கடைகளில் விற்கும் லேசர் சுட்டிகளை விளையாட்டுக்காகக்கூட ஒருவர் கண்ணில் அடிக்காதீர்கள்.

இனி 'லேசர் பல் சிகிச்சை' என்ற பலகையைக் கண்டால் உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும்: எந்த லேசர்? அதன் அலைநீளம் என்ன? எந்த வேலைக்கு? லேசர் என்பது ஒரு கருவி அல்ல. ஒரு கருவிக் குடும்பம்.

மறந்துவிடாதீர்கள். சிறந்த லேசராலும் இழந்த எனாமலைத் திருப்பித் தர முடியாது. குழி விழுவதற்கு முன், வெறும் வெண்புள்ளியாக இருக்கும் நிலையில், உமிழ்நீரின் கால்சியமும் பற்பசையின் ஃபுளோரைடும் சேர்ந்து எனாமலைச் செப்பனிட முடியும். அதற்குக் காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பல் துலக்க வேண்டும். இனிப்பை அடிக்கடி கொறிப்பதை நிறுத்த வேண்டும். அப்படியும் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால், சத்தத்துக்குப் பயந்து தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சொத்தை சிறியதாக இருக்கும்போது போனால், அவர் கையில் லேசர் இருந்தாலும் துளைப்பான் இருந்தாலும் உங்கள் பல் பிழைக்கும்.